மலையகத்துக்கு மாற்றலா? மதியச் சோற்றை விடுங்கள், இரவுச் சாப்பாட்டை விசாரியுங்கள்

ஆசிரியர் நியமனம், வங்கி மாற்றல், ஆஸ்பத்திரி வேலை என்று யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கொழும்பிலிருந்தும் மலையகத்துக்கு வருகிறவர்கள் முதலில் குளிரைப் பற்றிக் கேட்பார்கள். அடுத்தது வீட்டு வாடகை. சாப்பாட்டைப் பற்றிக் கேட்பது வந்து இரண்டு கிழமை கழிந்த பிறகுதான். அதற்குள் அட்வான்ஸ் கட்டி அறையும் எடுத்தாகிவிடும்.

எந்த ஊர் என்பது முழுக்க நம் கையில் இல்லைதான். ஆனாலும் விருப்பமான மூன்று ஊர்களை எழுதித் தரச் சொல்லும்போது கொஞ்சம் இடம் கிடைக்கிறது. ஓர் ஊரில் வேலை, பக்கத்து ஊரில் தங்கல் என்றும் பலர் சமாளிக்கிறார்கள். கம்பளையில் இருந்து கண்டிக்குப் போய் வருகிறவர்கள் எத்தனையோ பேர். தலவாக்கலை – ஹட்டன், பண்டாரவளை – பதுளை ஆகியவையும் அப்படித்தான். அந்தத் தெரிவைச் சாப்பாட்டை வைத்துச் செய்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஊர்களை ஒப்பிட நான் வைத்திருக்கும் அளவுகோல் இரவுச் சாப்பாடு. மதியம் எங்கே போனாலும் பிரச்சினை இல்லை. சோறு, பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு துண்டு மீனோ முட்டையோ, மேலே ஓர் அப்பளம். லன்ச் சீட்டில் சுற்றிய அந்தப் பார்சல் எந்த பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலும் கிடைக்கும், ருசியும் பெரிதாக மாறாது. வித்தியாசம் இரவு ஏழரைக்குப் பிறகுதான் தெரியவரும். மழை தூறிக்கொண்டிருக்கும், கடைசி பஸ்கள் போயிருக்கும், கடைகள் பாதிக் கதவு சாத்தியிருக்கும், திறந்திருக்கும் ஒன்றிரண்டில் கொத்து ரொட்டி தட்டும் சத்தம் கேட்கும். கிழமைக்கு ஒரு நாள் கொத்து என்றால் கொண்டாட்டம். ஐந்து நாளும் அதுதான் என்றால் ஒரு மாதத்துக்குள் வயிறு மறியல் செய்யும்.

முதலில் ஹட்டன். தமிழில் கேட்டுத் தமிழிலேயே பதில் வாங்கக்கூடிய ஊர். ஏறத்தாழ 1270 மீற்றர் உயரம். குளிர் உண்டு, ஆனால் எலும்பைப் பிடிக்காது. டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா, பொகவந்தலாவை பஸ்களெல்லாம் இங்கே வந்து திரும்புவதால் காலைக் கடைகள் நன்றாக நடக்கின்றன. விடிவதற்கு முன்பே பிளேன்டி கிடைக்கும், கூடவே ரொட்டியும்.

அந்த ரொட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளில் வரும் மெல்லிய ரொட்டி வேறு. இங்கே கோதுமை மாவில் உப்பும் ஒரு கை தேங்காய்ப்பூவும் போட்டுப் பிசைந்து, உள்ளங்கையால் தட்டி, விரல் தடிப்பில் கல்லில் போடுவார்கள். ஓரம் அங்கங்கே கருகியிருக்க வேண்டும், பிய்க்கும்போது உள்ளிருந்து ஆவி வர வேண்டும். தொட்டுக்கொள்ளக் கட்டச் சம்பல்: காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், உப்பு, கடைசியில் தேசிக்காய்ப் புளி. தேங்காய் விலை ஏறிய மாதங்களில் மாவுக்குள் தேங்காய்ப்பூ குறைந்துகொண்டே போகும். ரொட்டியைப் பிய்த்துப் பார்த்தே தேங்காய் விலையைச் சொல்லிவிடலாம். இந்த உயரத்தில் தென்னை கிடையாது, எல்லாம் குருநாகல் பக்கமிருந்து ஏறி வர வேண்டும். காலையில் கொழுந்தெடுக்க மலையேறுகிறவர்களை மதியம் வரைக்கும் தாங்கியது இந்த ரொட்டிதான். இதை முகம் சுளிக்காமல் சாப்பிடப் பழகிவிட்டால் ஹட்டனில் காலைச் சாப்பாட்டுக் கவலை இல்லை. மாலையில் தோசை, இடியப்பம் போடுகிற கடைகளும் உண்டு. ஆனால் ஏழு மணிக்கு முன் போய்ச் சேருங்கள். பிந்திப் போனால் இடியப்பத் தட்டு காலியாகி, பராட்டாதான் மிஞ்சியிருக்கும்.

ஹட்டனின் ருசி யாழ்ப்பாணத்துக்காரருக்கு முதலில் ஒட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே வீட்டுச் சமையலில் ரசம், சாம்பார், கருவாட்டுக் குழம்பு, மொச்சைக்கொட்டைக் குழம்பு, துவையல் என்று தமிழ்நாட்டு வாடை இன்னும் இருக்கிறது. வறுத்து அரைத்த யாழ்ப்பாணத் தூளின் காரமும் கறுப்பும் இராது. ஊரிலிருந்து தூள் கொண்டு வராத யாழ்ப்பாணத்து ஆசிரியரை நான் பார்த்ததில்லை. நீங்களும் ஒரு போத்தல் கொண்டு வாருங்கள்.

இரண்டு காலங்களில் ஹட்டன் வேறு ஊராகிவிடும். டிசம்பரில் உந்துவப் போயாவோடு தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாதமலைப் பருவகாலம். மலையடிவாரத்தில், நல்லதண்ணிப் பக்கம் இராப்பகலாகக் கடை திறந்திருக்கும். ஹட்டன் நகரத்திலும் யாத்திரைக் கூட்டத்தை நம்பிச் சமைப்பார்கள், வழக்கமான வாடிக்கையாளரைக் கவனிக்க நேரம் இருக்காது. மற்றது தீபாவளி. கடைகளில் வேலை செய்யும் பையன்கள் எல்லோரும் தோட்டத்து வீடுகளுக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு மூன்று நாளும் தனியாள் பாணும் சம்பலும்தான். யாராவது வீட்டுக்குக் கூப்பிட்டால் யோசிக்காமல் போய்விடுங்கள். தீபாவளி ஆட்டிறைச்சிக் குழம்பைக் கடையில் தேடிக் கிடைக்காது.

அடுத்தது நுவரெலியா. படத்தில் பார்த்தால் மரக்கறிச் சொர்க்கம். லீக்ஸ், கரட், கோவா, பீட்ரூட், நோக்கோல், உருளைக்கிழங்கு எல்லாம் கண்ணெதிரே விளைகிறது. அம்பேவலப் பாலும் பக்கத்தில்தான். ஆனால் இங்கேயே தங்கி, கடையில் வாங்கிச் சாப்பிட வேண்டும் என்றால், நான் பார்த்த ஊர்களில் கடைசி இடத்தை இதற்குத்தான் கொடுப்பேன்.

முதல் காரணம் கடைகள் யாருக்காகச் சமைக்கின்றன என்பது. சுற்றுலா வருகிறவர் ஒரு தடவை சாப்பிட்டுப் போய்விடுவார், திரும்பி வந்து குறை சொல்ல மாட்டார். ஏப்ரல் சீசனில் பூக்கண்காட்சி, குதிரைப் பந்தயம் என்று ஊர் நிரம்பும்போது அறை வாடகையோடு சோற்றுப் பார்சலும் விலை ஏறும். நகரத்தில் நல்ல கடைகள் இல்லாமல் இல்லை. ஆனால் மாதச் சம்பளக்காரர் தினமும் போகக்கூடிய கடைகளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவை பெரும்பாலும் பிரதான வீதியில் இரா; சந்தைக்கும் பஸ் நிலையத்துக்கும் பின்னால் இருக்கும்.

இரண்டாவது காரணம் உயரம். நுவரெலியா ஏறத்தாழ 1868 மீற்றரில் இருக்கிறது. ஒவ்வொரு 300 மீற்றருக்கும் தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலை கிட்டத்தட்ட ஒரு பாகை குறையும். ஆகவே இங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அடுப்பு எவ்வளவு எரிந்தாலும் பானைக்குள் அதற்கு மேல் சூடு ஏறாது. கடலை, கௌபி, பயறு வேகவே வேகாது என்று புதிதாக வந்தவர்கள் கடைக்காரரைத் திட்டுவார்கள், பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று. பாவம், அவர் மேல் தப்பில்லை. பிரஷர் குக்கர் இல்லாமல் நுவரெலியாவில் குடித்தனம் தொடங்க வேண்டாம். காஸ் சிலிண்டர் எவ்வளவு நாள் வரும் என்பதும் அதில்தான் இருக்கிறது.

தோசை மாவும் அப்படித்தான். கண்டியில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கி நிற்கும். இங்கே காலையிலும் வைத்தது வைத்தபடி இருக்கும். பழகிய வீடுகளில் மா பானையைப் பழைய கம்பளித் துணியில் சுற்றி, அணைந்த விறகடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் வைப்பார்கள்; சிலர் வெந்நீர்ப் பானையோடு சேர்த்து ஒரு பெட்டிக்குள் மூடிவிடுவார்கள். ஆகவே, நுவரெலியாவில் தினமும் காலையில் மெத்தென்ற இட்லி போடுகிற கடையைக் கண்டால் அந்தச் சமையல்காரர் மேல் நம்பிக்கை வைக்கலாம். வெறும் சோடா உப்பில் ஊத வைத்ததா என்று ஒரு வாய் வைத்தாலே தெரிந்துவிடும்: ஊதியிருக்கும், புளிப்பே இருக்காது.

சமையலறை இருந்தால் கதை தலைகீழ். காலையில் பிடுங்கின லீக்ஸை வாங்கி, இலை மடிப்புகளுக்குள் நிற்கும் மண்ணை இரண்டு தண்ணீரில் அலசி, மெல்லிசாக அரிந்து, பச்சை மிளகாயோடும் தேங்காய்ப்பூவோடும் சுண்டினால் சோற்றுக்கு வேறெதுவும் வேண்டாம். வேரும் இலையுமாக வாங்கிய கரட்டின் இனிப்பு, லொறி ஏறித் தம்புள்ளைக்குப் போய் அங்கிருந்து உங்கள் ஊருக்கு வந்த கரட்டில் இராது. ஆக, நுவரெலியா என்று கடிதம் வந்தால் அடுப்பு வைக்க விடுகிற வீட்டைத் தேடுங்கள். ஜன்னலுக்கு வெளியே மலை தெரிகிறதா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

கண்டியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. ஏறத்தாழ 500 மீற்றர் உயரம், மிதமான காலநிலை, மா புளிக்கும், பலாக்காயும் ஈரப்பலாக்காயும் சுற்றுவட்டாரத்திலேயே காய்க்கும். மத்திய சந்தை, சைவக்கடைகள், முஸ்லிம் கடைகள், சிங்களச் சோற்றுக் கடைகள் எல்லாம் நடை தூரத்தில். அக்குறணைப் பக்கம் போனால் பிரியாணிக்கும் இறைச்சிக் கறிக்கும் குறைவில்லை. உணவு கொண்டு வந்து தரும் செயலிகளும் வேலை செய்கின்றன, இரவு பிந்தியும் ஏதாவது கிடைக்கும். தனியாளுக்குச் சாப்பாட்டில் மலையகத்திலேயே சுலபமான நகரம் இதுதான், சந்தேகமில்லை. அதற்கு விலை வாடகையிலும் போக்குவரத்து நெரிசலிலும் போகிறது. பெரஹரா நாட்களில் பார்சல் வாங்கப் போகிறவர் சோறு ஆறித்தான் திரும்புவார். கம்பளையில் தங்கினால் வாடகை குறையும், சாப்பாடு மோசமாகாது. எனக்கென்றால் அதுதான் விருப்பம்.

ஊவாப் பக்கம் பண்டாரவளையும் பதுளையும். பண்டாரவளை ஹட்டன் அளவு உயரம்தான், ஆனால் மழையும் ஈரமும் அவ்வளவு இல்லை. அங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் விசேஷம். வெலிமடைக் கிழங்கும் போஞ்சியும், கீழ்ப்புறமிருந்து வரும் அரிசியும், பருவத்தில் பிபிலைத் தோடம்பழமும், ஆனைக்கொய்யாவும் ஒரே இடத்தில் குவியும். பையோடு ஒரு மணி நேரம் சுற்றினால் கிழமைக்கான சமையல் முடிந்த மாதிரி. குடும்பமாக வந்து வீட்டில் சமைக்கிறவர்களுக்கு நான் முதலில் சொல்லும் ஊர் பண்டாரவளைதான். தனியாளுக்கு இரவில் அங்கேயும் தெரிவு குறைவு. பதுளை இன்னும் தாழ்வு, ஏறத்தாழ 680 மீற்றர். சுற்றிலும் வயல், வெக்கை, பெரிய ஆஸ்பத்திரி, பெரிய பஸ் நிலையம். அந்த இரண்டையும் நம்பி நடக்கும் கடைகளில் இரவிலும் சோறு கிடைக்க வாய்ப்பு அதிகம். எல்ல பக்கத்தில்தானே, அங்கே நிறையக் கடைகள் இருக்கின்றனவே என்று சிலர் கேட்பார்கள். அவை வெளிநாட்டவருக்கான கடைகள். மாதம் முழுக்க அங்கே சாப்பிட்டால் சம்பளம் பத்தாது.

மீனைப் பற்றி ஒரு வார்த்தை, மட்டக்களப்புக்காரர்களுக்காக. கடல் மீன் இத்தனை மலை ஏறி வரும்போது அதன் முகமே மாறியிருக்கும். கண் குழிந்து, செவுள் பழுப்பாக இருக்கும் பாரை மீனை வாங்கிக் கறியாக்கி மனம் நோவதை விட, ஊரார் செய்வதைச் செய்யலாம்: கருவாடு, நெத்தலி, அவசரத்துக்கு டின் மீன். கருவாட்டைக் கத்தரிக்காயோடும் உருளைக்கிழங்கோடும் குழம்பு வைப்பதில் தோட்டத்து வீடுகளை மிஞ்ச ஆளில்லை. போயா நாளில் இறைச்சிக் கடை மூடியிருக்கும் என்பதையும் நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

சரி, வருவதற்கு முன்பே இதையெல்லாம் எப்படி அறிவது? நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் ஒரே தராசில் வைக்க முடியாது.

கைப்பேசி வரைபடத்தில் நட்சத்திரம் பார்ப்பது எல்லோரும் செய்வது. மலையகத்தில் அதன் பயன் குறைவு, ஏனென்றால் அங்கே எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் பயணிகள். காட்சி அழகு, ஊழியரின் புன்னகை, தேநீர் அருமை என்று எழுதியிருப்பார்கள். (தேநீர் பற்றி: நல்ல தேயிலை ஏற்றுமதிக்குப் போய்விடும், கடையில் டஸ்ட்தான். அந்த டஸ்டில் இழுத்து ஆற்றுகிற பிளேன்டி நன்றாகவே இருக்கும் என்பது வேறு.) நட்சத்திரத்தை விட்டுவிட்டு, ஆட்கள் போட்டிருக்கும் படங்களைப் பாருங்கள். கண்ணாடி அலுமாரிக்குள் என்ன பலகாரம், விலைப்பலகை எந்தெந்த மொழியில், சாப்பிடுகிறவர்கள் வேலை உடுப்பில் இருக்கிறார்களா என்பது படத்தில் தெரியும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்ட குறைகளை மட்டும் வாசித்தாலும் போதும்.

ஊரில் தெரிந்தவரைக் கேட்பது இரண்டாவது. இதில் ஒரு சிக்கல்: சொந்த ஊர்க்காரர் வீட்டில் சாப்பிடுகிறவர், அவருக்குக் கடை தெரியாது. கல்யாணத்துக்குச் சாப்பாடு எடுத்த கடையைச் சொல்வார். கேட்க வேண்டியது வெளியூரிலிருந்து வந்து தனியாக இருப்பவர்களை: ஆஸ்பத்திரி ஊழியர், வங்கிக் காவலாளி, பள்ளிக்கூடத்தில் போர்டிங்கில் இருக்கும் ஆசிரியர், ஆட்டோக்காரர். "நல்ல கடை எது?" என்று கேட்காதீர்கள். "நேத்து ராத்திரி எங்க சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு மரியாதையான பதில் வரும், இரண்டாவதற்கு உண்மை வரும். அவர் ஒரு கணம் யோசித்து "நேத்தா... பிஸ்கட்தான்" என்றால் ஊரைப் பற்றி அறிய வேண்டியதை அறிந்துவிட்டீர்கள்.

மூன்றாவது, நேரில் ஒரு இரவு தங்கிப் பார்ப்பது. செலவுதான், ஆனால் மற்ற எதுவும் இதற்கு ஈடில்லை. ஞாயிறு போக வேண்டாம், அன்றைக்குத் தோட்டங்களிலிருந்து எல்லோரும் நகரத்துக்கு வருவார்கள், கடைகள் விசேஷமாகச் சமைக்கும். தோட்டச் சம்பளம் கிடைக்கும் 10ஆம் திகதியை ஒட்டிய நாட்களும் அப்படித்தான். சாதாரணச் செவ்வாயோ புதனோ போய், மாலை ஏழரைக்குக் குடையோடு வெளியே இறங்கி, எத்தனை கடை திறந்திருக்கிறது, எத்தனையில் கொத்துக்கு வெளியே ஏதாவது இருக்கிறது என்று பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் தரம் கொடுத்த சான்றிதழ் சுவரில் தொங்கினால் திகதியையும் பாருங்கள். கை கழுவுமிடம் எப்படி இருக்கிறது, குடிக்கச் சுடுதண்ணீர் கேட்டால் தருகிறார்களா என்பதில் மிச்சம் தெரிந்துவிடும். முஸ்லிம் கடையை நம்பி இருக்கப் போகிறீர்கள் என்றால் வெள்ளி மதியத் தொழுகை நேரத்தில் கடை மூடும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாடு இராது. அதே மாதம் மாலையில் கிடைக்கும் நோன்புக் கஞ்சி, குளிருக்கு அவ்வளவு இதம்.

நான்காவது, சாப்பாட்டோடு போர்டிங். முதல் மூன்று மாதத்துக்கு இதையே எடுங்கள் என்பேன், தனியாக வருகிற பெண்களுக்கு இன்னும் அழுத்திச் சொல்வேன்; இரவு எட்டு மணிக்குக் குடை பிடித்துக்கொண்டு கடை தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் பேசும்போது கூச்சப்படாமல் கேளுங்கள். இரவில் ரொட்டியா, சோறா, இடியப்பமா? ஞாயிற்றுக்கிழமையும் உண்டா? ஊருக்குப் போகும் நாட்களுக்குக் காசு கழிப்பார்களா? ஒரு மின்கேத்தலும் முட்டை அவிக்க ஒரு சிறிய அடுப்பும் அறையில் வைக்கலாமா? கடைசிக் கேள்விக்கு "பார்க்கலாம் மிஸ்" என்று இழுத்தால், முடியாது என்று அர்த்தம்.

மலையேறிப் பார்க்க நாள் குறிக்கும்போது ஏப்ரல் நடுப்பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்குப் பேக்கரி முதல் சோற்றுக் கடை வரை நாட்கணக்கில் பூட்டியிருக்கும், நுவரெலியாவில் மட்டும் நேர்மாறாகக் கூட்டம் வழியும். இரண்டிலுமே ஊரின் வழக்கமான சாப்பாடு தெரியாது. ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் என்றால் ஜூன், ஜூலை மழையில் போய்ப் பாருங்கள். அந்த மழையில் எந்தக் கடை அடுப்பு இரவு எட்டு மணிக்கும் எரிகிறதோ, அந்தக் கடையிலிருந்து நடக்கிற தூரத்தில் அறை தேடலாம்.